84,496 பேரில் 139: முதியோர் தடுப்பூசிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

நெதர்லாந்தில் 2008 செப்டம்பரில் ஒரு தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 84,496 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று ஆய்வாளர்களுக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது. அப்புறம் சராசரியாக நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஊசியில் இருக்கும் அதே 13 வகைக் கிருமிகளால் நிமோனியா வந்து எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று எண்ணுவதுதான் நோக்கம். கடைசியில் அந்தக் கணக்கில் வந்தவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 139 பேர்.

எண்பத்து நாலாயிரம் பேரைத் திரட்டி நூற்று முப்பத்தொன்பது பேரை எண்ணுவதா என்று கேட்கத் தோன்றும். முதியோருக்கு வரும் கடுமையான பாக்டீரியா தொற்றுகளை ஆராய்வது என்றால் பெரும்பாலும் இதுதான் வேலை. பரிசோதனைக் குழாயும் வெள்ளைக் கோட்டும் பத்திரிகைப் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் எந்தக் கிருமி, அதில் எந்த வகை, எந்த வயதில், எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளுகிறது என்று தெரியாமல் எந்த ஊசியைச் செய்வது என்றே முடிவு செய்ய முடியாது. செய்த ஊசி பலிக்கிறதா என்றும் சொல்ல முடியாது.

எது கடுமையான தொற்று?

பாக்டீரியாக்கள் நம் உடம்பில் எப்போதும் குடியிருப்பவை. நிமோகாக்கஸ் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் சும்மா இருக்கும். ஈ.கோலை குடலில் இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மூக்கிலும் தோலிலும் இருக்கும். இருக்கிற இடத்தில் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஆனால் ரத்தம், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர், மூட்டுக்குள் இருக்கும் திரவம் ஆகியவற்றில் எந்தக் கிருமியும் இருக்கக் கூடாது. அங்கே கிருமி புகுந்துவிட்டால் அதை ஊடுருவும் தொற்று என்கிறார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1995இலிருந்து குறிப்பிட்ட சில மாநிலப் பகுதிகளில் நடத்திவரும் கண்காணிப்பில் ஒரு நோயாளியைக் கணக்கில் சேர்க்க இதுதான் அளவுகோல். ‘டாக்டர் சந்தேகப்பட்டார்’ என்பது போதாது. கிருமி கையில் கிடைத்திருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டில் 33 பாக்டீரியாக்களோடு தொடர்புடைய சாவுகள் உலகம் முழுக்கச் சுமார் 77 லட்சம் என்று லான்செட் இதழில் ஒரு கணக்கு வந்தது. அதில் பாதிக்கு மேல் ஐந்தே கிருமிகளின் வேலை. மேலே சொன்ன மூன்றோடு கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தில் பெரியவர்களுக்குப் பரவலாகப் போடக்கூடிய தடுப்பூசி இருப்பது நிமோகாக்கஸுக்கு மட்டும்தான்.

வயதானவர்களை ஏன் தனியாக ஆராய வேண்டும்? எதிர்ப்பணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். எழுபது வயதில் ஒரு புதுக் கிருமியைப் பார்த்தால் அதற்கென்று தயாராக இருக்கும் புதிய அணுக்கள் குறைவு. இருமி வெளியே தள்ளும் வலு குறைகிறது. விழுங்கும்போது புரையேறி, வாயில் இருக்கிற கிருமி நேராக நுரையீரலுக்குப் போகிறது. சர்க்கரை நோய், புரோஸ்டேட் வீக்கம், சிறுநீர் வெளியேற வைத்திருக்கும் குழாய் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், நோய் வந்ததே தெரியாமல் போவது. முப்பது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சுவலி எல்லாம் வந்து ஊரையே கூட்டிவிடும். எண்பது வயதுப் பாட்டிக்குக் காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம். நேற்றிலிருந்து உளறுகிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். வீட்டில் இருப்பவர்கள் ‘வயசாயிடுச்சு’ என்று நினைப்பார்கள். இப்படி வந்தவர் பதிவேட்டில் ‘கீழே விழுந்தவர்’ என்று ஏறினால் தொற்றுக் கணக்கிலிருந்து ஒருவர் கழன்றுவிட்டார்.

கைவிட்ட ஊசியைக் கணக்கு மீட்ட கதை

நிமோகாக்கஸ் ஊசி புதிதல்ல. 1944-45இல் அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் விமானப்படைப் பயிற்சித் தளத்தில் இளம் வீரர்களிடையே சோதித்து, பலிக்கிறது என்று காட்டியும்விட்டார்கள். அந்தப் பத்தாண்டிலேயே ஊசி விற்பனைக்கும் வந்தது. ஆனால் அதே நேரத்தில் பென்சிலின் வந்துவிட்டது. வந்தால் மருந்து கொடுத்துக்கொள்ளலாம், முன்கூட்டி எதற்கு ஊசி என்று மருத்துவ உலகம் நினைத்தது. கேட்பார் இல்லாமல் கம்பெனி அதை நிறுத்திவிட்டது.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற மருத்துவருக்கு இதில் சந்தேகம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள கிங்ஸ் கவுண்டி மருத்துவமனையில் 1952இலிருந்து பத்தாண்டுகள் நிமோகாக்கஸ் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிந்துவந்தார். 1964இல் வெளிவந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறியவர்களில் நோய் தொடங்கி முதல் ஐந்து நாட்களுக்குள் இறப்பவர்களைப் பென்சிலினால் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தவர்களிடம்தான் மருந்தின் பலன் தெரிந்தது. இறந்தவர்களில் முதியவர்களும் ஏற்கெனவே வேறு நோய் உள்ளவர்களும் அதிகம். இவர்களுக்கு நோய் வந்தபின் மருந்து தேடினால் நேரம் போதாது, வராமல் தடுப்பதுதான் வழி என்பது அவருடைய வாதம். அவர் விடாமல் முயன்றதில் 14 வகைகளுக்கான ஊசி 1977இல் அனுமதி பெற்றது. 23 வகைகளுக்கானது 1983இல் வந்தது. ஒரு மனிதர் பொறுமையாக எண்ணியதால் திரும்பி வந்த ஊசி இது.

குற்றவாளியைப் பிடிப்பது

சரி, எண்ணுவது என்றால் எப்படி? ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சேர்ந்தவர்களைக் கூட்டிப் போட்டால் ஆகாதா? ஆகாது. எந்தக் கிருமியால் என்று தெரிய வேண்டும். சிகாகோ, நாஷ்வில் ஆகிய நகரங்களில் 2010க்கும் 2012க்கும் இடையில் சி.டி.சி. நடத்திய ஆய்வில், எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியான 2,259 பேரிடம் ரத்தம், சளி, சிறுநீர் என்று கையிலிருந்த எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்தார்கள். ஏதாவது ஒரு கிருமி அகப்பட்டது 38 சதவீதம் பேரிடம் மட்டுமே. மீதி 62 சதவீதம் பேருக்கு எதனால் வந்தது என்றே தெரியவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 25 பேர் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 80 வயதைத் தாண்டியவர்களில் அது 164. நோய் எங்கே அதிகமோ அங்கேதான் ஆளைப் பிடிப்பதும் கடினம்.

ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கையைக் கிருமிநாசினியால் துடைத்து, நரம்பில் குத்தி, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு குத்துக்கு இரண்டு பாட்டில்கள்: ஒன்று ஆக்சிஜன் வேண்டும் கிருமிகளுக்கு, இன்னொன்று ஆக்சிஜன் ஆகாத கிருமிகளுக்கு. பெரியவர்களுக்கு வேறு இடத்தில் குத்தி இன்னொரு ஜோடியும் எடுப்பார்கள். எண்பது வயதுக் கையில் நரம்பு நழுவும், உடையும். நர்ஸ் இரண்டு மூன்று முறை குத்தி, கிடைத்த நாலு மில்லியோடு விட்டுவிடுவார். ரத்தம் குறைந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பும் குறையும், ஏனென்றால் ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிகளே இருக்கக்கூடும். பாட்டில்கள் உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு இயந்திரத்துக்குள் போகின்றன. கிருமி வளர்ந்தால் அது விடும் கரியமில வாயுவை பாட்டிலின் அடியில் இருக்கும் வட்டு உணர்ந்து நிறம் மாறும், இயந்திரம் குரல் கொடுக்கும். நிமோகாக்கஸில் இன்னொரு கூத்து. வளர்ந்து முடிந்ததும் தன் சுவரைத் தானே கரைத்துக்கொண்டு செத்துவிடும். ஆள் வரத் தாமதமானால் பாட்டிலில் இருந்த ஆதாரம் போய்விடும்.

இத்தனைக்கும் நிமோகாக்கஸ் நிமோனியாவில் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் கிருமி இருக்கவே இருக்காது. நுரையீரலோடு நின்றுவிடும். நெதர்லாந்து ஆய்வுக்கு முன்னால் இருந்த பெரிய முட்டுக்கட்டை இதுதான். அதைத் தாண்ட அவர்கள் சிறுநீரைப் பிடித்தார்கள். கிருமியின் மேலுறைத் துண்டுகள் ரத்தம் வழியாகச் சிறுநீரகத்தில் வடிந்து சிறுநீரில் வரும். அந்தத் துண்டு 13 வகைகளில் எதனுடையது என்று பிரித்துச் சொல்லும் ஒரு சோதனையை ஊசி தயாரிப்பவர்கள் உருவாக்கியிருந்தார்கள். நரம்பு தேட வேண்டாம், சளி துப்பச் சொல்ல வேண்டாம். இந்த ஒரு சோதனை இல்லையென்றால் அந்த ஆய்வு நடந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

வகை ஏன் இத்தனை முக்கியம்?

நிமோகாக்கஸைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறை இருக்கிறது. வெள்ளை அணுக்கள் பிடித்து விழுங்காமல் அது கிருமியைக் காக்கிறது. அந்த உறையின் வேதி அமைப்பு நூறுக்கும் மேற்பட்ட விதங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 19ஏ வகையின் உறையை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் 3ஆம் வகையைக் கண்டுகொள்ளாது. ஆகவே ஊசிக்குள் எந்த எண்களைச் சேர்ப்பது என்பதுதான் முழு விளையாட்டும்.

வகை கண்டுபிடிக்க 1902இல் நாய்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் கண்ட முறையை இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் கிருமி கலந்த ஒரு சிறு துளி. அதில் ஒரு குறிப்பிட்ட வகைக்கான எதிர்ப்பொருள் உள்ள சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதி) சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பொருந்தினால் கிருமியைச் சுற்றி உறை பளிச்சென்று உப்பித் தெரியும். பொருந்தாவிட்டால் அடுத்த சீரம். இதற்கான சீரங்களை டென்மார்க்கின் ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனம் நெடுங்காலம் தயாரித்து உலகம் முழுக்க அனுப்பியது. இப்போது மரபணு வரிசையைப் படித்தும் வகை சொல்லிவிடுகிறார்கள்.

இனி அந்த 139க்கு வருவோம். ஊசி போட்டவர்களில் 49 பேர், போடாதவர்களில் 90 பேர். தொண்ணூறில் நாற்பத்தொன்று குறைந்திருக்கிறது, அதாவது சுமார் 46 சதவீதம் தடுப்பு. கிருமி ரத்தம் போன்ற இடங்களுக்குள் ஊடுருவிய கடுமையான நோயை மட்டும் எடுத்தால் 7க்கு எதிராக 28, அதாவது 75 சதவீதம். 2015இல் இந்த முடிவு ஆய்விதழில் வெளிவந்தபோது, வயதானவர்களிடமும் இந்த ஊசி பலிக்கும் என்பதற்கு முதல் உறுதியான சான்றாக அது நின்றது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சுமார் 42,000 பேரில் நான்கு ஆண்டுகளில் 90 பேருக்கு வரும் நோய் இது. ஆயிரம் பேரை வைத்து ஆய்வு நடத்தியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றோ பூஜ்யமோதான் வந்திருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதே எண்களைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். ஒரு நிமோனியாவைத் தடுக்க ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. மொத்த இறப்பில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டிலும் நூற்றுக்கு ஏழு பேர். எல்லாக் காரணங்களாலும் வந்த நிமோனியாவைச் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 65 வயதில் போட்டவர்களுக்குச் சுமார் 65 சதவீதமாக இருந்த பாதுகாப்பு 75 வயதில் போட்டவர்களுக்கு 40 சதவீதமாக இருந்தது. முதியோர் இல்லங்களில் வாழ்பவர்களையும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும் தொடக்கத்திலேயே ஆய்வில் சேர்க்கவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கணக்கில் இல்லை. முதியோர் ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் இந்தக் குறையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பேரனுக்குப் போட்ட ஊசி

கணக்கை நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டிய காரணமும் நிமோகாக்கஸில்தான் நன்றாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்கு 7 வகை ஊசி போடத் தொடங்கினார்கள். குழந்தைகளின் தொண்டையிலிருந்து அந்த வகைகள் மறைய, ஊசியே போடாத தாத்தா பாட்டிகளுக்கும் அந்த நோய் குறைந்தது. காலியான இடத்தில் ஊசியில் இல்லாத 19ஏ பெருகியது. அதைச் சேர்த்து 13 வகை ஊசி 2010இல் வந்தது. நெதர்லாந்து ஆய்வின் முடிவு இதழில் அச்சாகும் முன்பே, அதன் பலத்தில் 65 வயதான எல்லோரும் 13 வகை ஊசி போடலாம் என்று அமெரிக்கா 2014இல் பரிந்துரைத்தது. ஐந்தே ஆண்டுகளில், 2019இல், அந்தப் பரிந்துரையைத் தளர்த்தி, டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்யட்டும் என்றது. ஊசியில் கோளாறு இல்லை. குழந்தைகளுக்குப் போட்டதாலேயே அந்த 13 வகைகளில் பல முதியோரிடம் அருகிவிட்டன.

அதன் பிறகு சிந்தனையே மாறியது. 2024 ஜூனில் அனுமதி பெற்ற 21 வகை ஊசி பெரியவர்களுக்கென்றே வடிவமைத்தது. குழந்தைகள் ஊசியில் இருக்கும் பழைய எண்கள் சிலவற்றை விட்டுவிட்டு, முதியோர் ரத்தத்தில் இப்போது அகப்படும் எண்களைச் சேர்த்தார்கள். அதில் எட்டு வகைகள் அதற்கு முன் எந்த ஊசியிலும் இல்லாதவை. விட்டுப்போனவற்றில் 4ஆம் வகையும் ஒன்று. அந்த வகையோ அலாஸ்கா, கொலராடோ, ஒரிகன் போன்ற இடங்களில், குறிப்பாக வீடற்றவர்களிடையே, மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களில் 4ஆம் வகையும் உள்ள 20 வகை ஊசியே பொருத்தமாக இருக்கலாம் என்கிறது சி.டி.சி. ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது.

இந்தப் புதிய ஊசிகளுக்கு மறுபடியும் எண்பதாயிரம் பேரைத் திரட்டவில்லை. ஊசி போட்டவரின் சீரத்தைக் கிருமியோடும் வெள்ளை அணுக்களோடும் கலந்து, எத்தனை கிருமிகள் சாகின்றன என்று எண்ணுகிறார்கள். முதியோருக்கு இந்தச் சோதனை அவசியம். அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தும் அது சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். பழைய ஊசிக்கு ஈடான கொல்லும் திறன் தெரிந்தால் அனுமதி. அந்தக் குறுக்கு வழிக்கு வலு சேர்த்ததும் நெதர்லாந்து ஆய்வுதான்.

பலிக்காத ஊசிகள்

மற்ற கிருமிகளில் கதை இவ்வளவு நன்றாக இல்லை. இங்கிலாந்தில் ஈ.கோலை ரத்தத் தொற்றை மருத்துவமனைகள் 2011 ஜூன் முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் வருகிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள், பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் தொடங்கியவை. தேவை இருப்பது தெளிவு. ஒன்பது வகைகளுக்கான ஊசியைச் செய்து 2021இல் மூன்றாம் கட்ட ஆய்வைத் தொடங்கினார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் மட்டும். ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்களை எடுத்தால் எண்ணிக்கை சீக்கிரம் சேரும் என்ற கணக்கு. 2025 பிப்ரவரியில் இடைக்காலத் தரவுகளைப் பார்த்த தனிக்குழு, போதிய பலன் இல்லை என்று சொல்ல, ஆய்வு நின்றது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஊசியில் நடந்தது இன்னும் மோசம். இதய, மார்பு அறுவைச் சிகிச்சைக்குப் போகும் சுமார் 8,000 பேரிடம் சோதித்த ஊசியை 2011இல் நிறுத்தினார்கள். தடுக்கவில்லை என்பதோடு, தொற்று வந்துவிட்டவர்களில் ஊசி போட்டவர்களே அதிகம் இறந்தார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட முதியோரைப் பிடிக்கும் கடும் வயிற்றுப்போக்குக் கிருமியான சி.டிஃப்புக்கு எதிரான ஊசியும் 2022இல் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இந்தியாவில் குழந்தைகளுக்கான நிமோகாக்கஸ் ஊசி 2017இல் இமாச்சலம், பீகார், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் வந்தது. முதியோருக்கு அரசுத் திட்டத்தில் இல்லை, காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எந்த ஊசி நல்லது என்று டாக்டரிடம் கேட்டால், நம்மூர் முதியோருக்கு இப்போது எந்த வகைகள் வருகின்றன என்பதைப் பொறுத்தது என்பதுதான் நேர்மையான பதில். வேலூர் சி.எம்.சி. ஆய்வகம் பல ஆண்டுகளாக நிமோகாக்கஸை வகை பிரித்துப் பதிந்துவருகிறது. ஆனால் ஆய்வகத்துக்கு உயிரோடு கிருமி வந்து சேர வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி இரண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்ச்சரில் பெரும்பாலும் ஒன்றும் வளராது. வீட்டில் முதியவருக்குத் திடீரென்று குழப்பம், மூச்சு வாங்குதல், சாப்பாடு மறுத்தல் என்று வந்தால் நேராகக் கூட்டிப்போங்கள். ஏற்கெனவே என்ன மாத்திரை, எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க சில நிமிடங்கள் போதும். ஆனால் நிலைமை மோசமாக இருந்தால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.